சாவி யாரிடம் இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

பழைய புராட்டஸ்டண்ட் கோயில்களைச் சுற்றிப் பார்ப்பது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். பாதிக்கு மேல் தரங்கம்பாடியைப் பற்றியவை. மீதி சென்னை, தஞ்சாவூர். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கோடை விடுமுறையில் தரங்கம்பாடி போனோம். புது எருசலேம் ஆலயத்துக்குள் நுழைந்தால் வெள்ளைச் சுவர், பெஞ்சு, ஒரு சிலுவை, அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். முந்தின நாள் வேளாங்கண்ணியில் ஒரு மணி நேரம் நின்றவர்கள் நாங்கள். இங்கே எதைத்தான் பார்ப்பது?
– வாசகி, சேலம்

உங்கள் மேல் தப்பில்லை. வேளாங்கண்ணியில் கண்ணால் பார்த்துக் கும்பிட நிறைய இருக்கிறது. மார்ட்டின் லூதர் வழி வந்த இந்த லுத்தரன் கோயிலில் முக்கியமான காரியம் வேதத்தை வாசிப்பதும் பிரசங்கத்தைக் கேட்பதும். கட்டடமும் அதற்காகவே எழுந்தது. ஆகவே சிலையைத் தேடினால் ஏமாற்றம்தான். இப்படிப் பார்த்துக்கொண்டு போங்கள்.

முதலில் உள்ளே போகாதீர்கள். தெருவில் நின்று முகப்பின் உச்சியைப் பாருங்கள். ஒரு கிரீடமும் அதன் கீழே பின்னிய எழுத்துகளும் தெரியும். அது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை. முதல் மிஷனரிகளான சீகன்பால்கையும் புளுட்ச்சோவையும் இங்கே அனுப்பியவர் அவர்தான். இருவரும் ஜெர்மானியர்கள். வந்து இறங்கியது 1706 ஜூலை 9. இங்கே இருந்த டேனிஷ் கம்பெனிக்காரர்களுக்கு மிஷனரிகள் வந்ததே பிடிக்கவில்லை. சீகன்பால்கைச் சில மாதம் கோட்டைக்குள் அடைத்தும் வைத்தார்கள். அந்த ஊரில் இந்தக் கிரீடத்தை முகப்பில் வைத்தால் அது அலங்காரம் மட்டும் இல்லை. ‘இது ராஜாவின் காரியம், கை வைக்காதே’ என்று கம்பெனிக்குச் சொன்ன சேதியாகவும் அதைப் படிக்கலாம்.

அடுத்து உள்ளே போய் நடுவில் நில்லுங்கள். நாலு பக்கமும் கை நீட்டியதுபோல் சிலுவை வடிவத்தில் கட்டடம் பிரியும். ஒவ்வொரு கையின் கடைசிக்கும் நடந்து போய், அங்கிருந்து பிரசங்க பீடம் தெரிகிறதா, அங்கே நிற்பவர் பேசினால் கேட்குமா என்று பாருங்கள். உடன் வந்தவரைப் பீடத்துக்குக் கீழே நின்று சாதாரணக் குரலில் ஒரு வரி வாசிக்கச் சொல்லலாம். பீடத்தின் மேல் ஏறக் கூடாது. மைக் இல்லாத காலத்தில் இந்தச் சுவரும் மேல்தளமும் குரலை எப்படிக் கொண்டுபோயிருக்கும் என்பது அப்போது காதுக்கே புரிந்துவிடும்.

மூன்றாவது, பலிபீடத்துக்கு அருகே போய்த் தரையைப் பாருங்கள். சீகன்பால்கும் அவரோடு உழைத்த கிருண்ட்லரும் அங்கேதான் அடக்கம். கோயிலுக்கு அடிக்கல் 1717 பிப்ரவரியில், பிரதிஷ்டை 1718 அக்டோபர் 11இல். சீகன்பால்க் இறந்தது 1719 பிப்ரவரி 23. தான் கட்டிய கோயிலில் நாலரை மாதம்கூட அவர் முழுசாகப் பிரசங்கம் பண்ணவில்லை. வயது 36. அடுத்த வருஷமே கிருண்ட்லரும் போய்விட்டார்.

பிறகு ஞானஸ்நானத் தொட்டி, மணி, சுவரில் பதித்த நினைவுக் கற்கள். ஒவ்வொன்றிலும் பெயரும் வருஷமும் இருக்கும். ஐந்து கல்லை முழுசாகப் படித்தால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

ஒரு உபரித் தகவல். எல்லாப் புராட்டஸ்டண்ட் கோயிலும் ஒரே மாதிரி இருக்காது. லுத்தரன்காரர்கள் பலிபீடம், சிலுவை, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்கள். டச்சுக்காரர்கள் இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் வழி; அவர்கள் பலிபீடத்தையே எடுத்துவிட்டு மேஜை மட்டும் போட்டார்கள். கொழும்பு போகிறவர்கள் வுல்வெண்டால் கோயிலை (1757) இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அதே தெருவில் சீயோன் ஆலயம் என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டையுமே சீகன்பால்க் கட்டினார் என்று எங்களைக் கூட்டிப்போனவர் சொன்னார். ஒரு சின்ன ஊருக்கு ஒரே சாமியைக் கும்பிட இரண்டு கோயில் எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

அவர் சொன்னது தப்பு. சீயோன் கோயில் 1701இலேயே இருந்தது. சீகன்பால்க் வருவதற்கு ஐந்து வருஷம் முந்தி. அது கோட்டையில் வேலை பார்த்த டேனிஷ்காரர்களுக்கானது. வழிபாடு அவர்கள் பாஷையில். தமிழரும் போர்ச்சுக்கீசிய மொழி பேசியவர்களும் சேர்ந்து கும்பிட ஓர் இடம் வேண்டும் என்றுதான் சீகன்பால்க் 1707இல் கடலோரமாக ஒரு சின்னக் கோயில் கட்டினார். அது இப்போது இல்லை. அதற்குப் பதிலாக எழுந்ததால்தான் 1718 கோயிலுக்குப் ‘புது’ எருசலேம் என்று பெயர்.

இன்றைக்கும் இரண்டும் வேறு வேறு சபை. 1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரர்களிடம் விற்றது. சீயோன் கோயில் ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் கைக்குப் போய், 1947க்குப் பிறகு தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆனது. புது எருசலேம், ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் வழியாக 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு, அதாவது டி.இ.எல்.சி.க்கு வந்தது. இதைத் தெரிந்துகொண்டு போவது நடைமுறைக்கும் உதவும். ஒரு கோயிலின் சாவி அடுத்த கோயிலில் கிடைக்காது. அனுமதிக் கடிதம் எழுதினாலும் வேறு வேறு விலாசம்.

‘ஒரே சாமிக்கு இரண்டு கோயிலா’ என்று கேட்டீர்கள். ஒரே கோயிலுக்குள்ளேயே பிரிவு இருந்ததையும் சொல்லியாக வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடி மிஷன் கோயில்களில் வெள்ளாளக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். சிலுவை வடிவக் கட்டடத்தில் தனித்தனிக் கைகள் இருந்தது அதற்கு வசதியாகவும் போய்விட்டது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஆங்கிலிக்கன் சபைகளில் இதை ஒழிக்கச் சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய கலகமே ஆனது. கோயிலின் கையில் நிற்கும்போது இதுவும் நினைவில் இருக்கட்டும். வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை.

எப்போது போனாலும் பூட்டு தொங்குகிறது. இரண்டு மூன்று ஊர்களில் இதே அனுபவம். எந்த நேரத்தில் திறந்திருக்கும்?
– வாசகர், திருச்சி

பெரும்பாலான பழைய கோயில்களுக்குச் சுற்றுலா நேரம் என்று ஒன்று கிடையாது. ஆராதனைக்குத் திறப்பார்கள், முடிந்ததும் பூட்டுவார்கள். ஆள் போட்டுக் காவல் காக்கச் சபைக்கு வசதி இருக்காது. உள்ளே இருக்கும் பித்தளையும் மணியும் திருட்டுப் போன கதைகள் ஏராளம். பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். சாவி எப்போதும் நூறு மீட்டருக்குள்தான் இருக்கும்.

கோயில் காம்பவுண்டை ஒட்டி ஒரு வீடு இருக்கும். அதுதான் குருமனை, ஆயர் குடியிருக்கும் வீடு. ஆனால் முதலில் அங்கே போகாமல் கோயில்பிள்ளையைக் கேளுங்கள். மணி அடிப்பது, பெருக்குவது, விளக்கு ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. திருநெல்வேலிப் பக்கம் கோயில்குட்டியார் என்பார்கள். பக்கத்துப் பெட்டிக்கடையில் ‘கோயில்பிள்ளை வீடு எது?’ என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள். ‘வாட்ச்மேன் இருக்காரா?’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது.

மதியம் ஒன்றிலிருந்து மூன்றரை வரை போகாதீர்கள். சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். காலை ஒன்பதரைக்கு மேல், அல்லது மாலை நாலு மணிக்கு நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் கோயிலைக் கழுவுவார்கள். கதவெல்லாம் விரியத் திறந்திருக்கும், பெஞ்சை நகர்த்தியிருப்பார்கள், தரைக் கல்லை முழுசாகப் பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை. தடுக்காமல் ஓரமாக நில்லுங்கள். கூட்டமாக வருவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே குருமனைக்குத் தகவல் சொல்லுங்கள். திறந்துவிட்டவர் கையில் பணம் திணிப்பதைவிடக் காணிக்கைப் பெட்டியில் போடுவது மரியாதை. சாவிக்காக வெயிலில் நடந்து வந்த கோயில்பிள்ளைக்குத் தனியாகக் கொடுத்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நாங்கள் இந்துக்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும்போதே உள்ளே உட்காரலாமா? செருப்பு, முக்காடு, மெழுகுவர்த்தி இதெல்லாம் எப்படி?
– வாசகி, ஈரோடு

தாராளமாக உட்காரலாம். உண்மையில் இந்தக் கோயில்களைப் பார்க்க வேண்டிய நேரமே அதுதான். லுத்தரன் சபைகளில் பாடும் ஞானப்பாட்டுகளில் பல ஜெர்மன் ராகத்தில் தமிழ் வரிகள். மெதுவாக, ஒரே சீராகப் போகும். அடுத்த பத்து நிமிடத்தில் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்று தாளத்தோடு வரும். மூன்று நூற்றாண்டுக் கதை அந்த இரண்டு பாட்டிலேயே இருக்கிறது.

பத்து நிமிடம் முன்னால் போய்க் கடைசி வரிசையில் ஓரமாக உட்காருங்கள். பல கோயில்களில் பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம். குடும்பமாகச் சேர்ந்து உட்காருமுன் ஒரு நிமிடம் நின்று கவனித்துவிடுங்கள். மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள். சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லாரும் நிற்பார்கள், அப்போது நடமாடக் கூடாது. காணிக்கைப் பை வந்தால் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

பெரும்பாலும் சிக்கல் வருவது திருவிருந்தில். அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும்போது வரிசை வரிசையாக எழுந்து போவார்கள். பிரசாதம் என்று நினைத்துப் பின்னாலேயே போய்விடாதீர்கள். ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தலும் (வளர்ந்தபின் தாமே விசுவாசத்தை அறிக்கையிடும் சடங்கு) முடிந்தவர்களுக்கு உரியது அது. உட்கார்ந்தே இருந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். உங்கள் வரிசையிலிருந்து போகிறவர்களுக்குக் காலை மடக்கி வழி விட்டால் போதும்.

செருப்புக்கு ஒரே விதி கிடையாது. கிராமத்திலும் சிற்றூரிலும் வாசலில் கழற்றுவார்கள். சென்னையின் பழைய ஆங்கிலச் சபைகளில் ஷூவோடு போவார்கள். படியில் செருப்பு கிடந்தால் நீங்களும் விடுங்கள். பெண்கள் தலைக்குச் சேலைத் தலைப்பைப் போடுவது வழக்கம். வெளியூர்க்காரர்களிடம் யாரும் வற்புறுத்துவதில்லை. மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போகாதீர்கள். நேர்ச்சையாக ஏற்றி வைக்க இங்கே இடமே கிடையாது. பீடத்தில் எரிவது ஆராதனைக்கானது. மாலை, பூ, தேங்காய் எதுவும் வேண்டாம்.

சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் கோயில் கூரையைக் குண்டு துளைக்காது என்கிறார்களே, நிஜமா? பொதுமக்கள் உள்ளே போக முடியுமா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

கூரைக் கதை நிஜம். 1678 மார்ச் 25இல் வேலை தொடங்கி 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டை ஆன கோயில். கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் காலத்தில் இங்கிலீஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தங்களுக்குள் வசூல் போட்டுக் கட்டினார்கள். கூரையில் மரமே இல்லை. மூன்று நீளமான வளைவுகளைப் பக்கம் பக்கமாக வைத்ததுபோல், சுமார் இரண்டடி தடிமனில் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய மேல்தளம். அந்தப் பாரத்தைத் தாங்க வெளிச்சுவர் நாலடி தடிமன். ஜன்னல் ஓரத்தில் கையை வைத்துப் பாருங்கள், முழங்கை தாண்டியும் சுவர் போய்க்கொண்டே இருக்கும். பீரங்கிக் குண்டுக்கு மட்டும் என்று இல்லை. உத்தரம் இல்லாததால் கரையானுக்கு வேலை இல்லை, புயலில் ஓடு பறக்கவும் வழியில்லை. கோபுரம் பிற்பாடு, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தது.

போவதற்குச் சிரமம் கொஞ்சம் உண்டு. உள்ளே தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் ராணுவப் பகுதியும் இருப்பதால் வாசலில் சோதனை. அசல் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பெரிய பை, டிரோன், முக்காலி வேண்டாம். சட்டமன்றம் கூடும் நாள்களிலும் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய நாள்களிலும் கெடுபிடி அதிகம். அப்போது போய் அலைய வேண்டாம். பறக்கும் ரயில், புறநகர் ரயில் இரண்டுக்குமே கோட்டை என்ற பெயரில் நிலையம் இருக்கிறது, அங்கிருந்து நடந்துவிடலாம். கோட்டை மியூசியத்தையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று மியூசியத்துக்கு விடுமுறை.

உள்ளே தவறவிடக் கூடாதது கருங்கல் ஞானஸ்நானத் தொட்டி. பல்லாவரம் கல். இந்தப் பாறை வகைக்குப் புவியியலில் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இங்கிருந்து போனது என்பதால் அவர் பெயரையே வைத்தார்கள். அதே சார்னாக்கின் பெண் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றது இந்தக் கோயிலில்தான். திருமணப் பதிவேட்டில் முதல் பதிவு எலிஹு யேலுடையது, 1680 நவம்பர் 4. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர். ராபர்ட் கிளைவ் திருமணமும் இங்கே, 1753இல்.

அதே கோயில் வெளி முற்றத்தில் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது. அதில் ஒன்றில் 1652 என்று இருக்கிறது. கோயிலே 1680 என்றால் இது எப்படி? எழுத்தும் பாதி புரியவில்லை.
– வாசகர், காஞ்சிபுரம்

நல்ல கண் உங்களுக்கு. நீங்கள் பார்த்தது எலிசபெத் பேக்கரின் கல். இந்தியாவில் இங்கிலீஷில் எழுதிய கல்லறைக் கற்களில் மிகப் பழையது என்று சொல்லப்படுவது. அவர் அங்கே புதைக்கப்படவில்லை. அந்த முற்றத்தில் கிடக்கும் கற்களில் பெரும்பாலானவற்றின் கீழே யாரும் இல்லை.

பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக் கல்லூரி வந்த இடத்தில் இருந்தது. 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த உயரமான சமாதிகளின் பின்னால் ஒளிந்துதான் அவர் படை சுட்டது. தப்பிப் பிழைத்த இங்கிலீஷ்காரர்கள் முதல் வேலையாகச் சமாதிகளை இடித்து, பெயர் பொறித்த கற்களை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து கோயிலைச் சுற்றிப் பாவிவிட்டார்கள். அதனால்தான் லத்தீன், போர்ச்சுக்கீசியம், அர்மீனியன் எல்லாம் கலந்து வரிசை இல்லாமல் கிடக்கிறது. மிதிக்கக் கூச்சமாக இருந்தால் ஓரத்துக் கற்களின் மேல் நடங்கள். நடுவில் இருப்பவைதான் வேகமாகத் தேய்கின்றன.

படிக்கச் சில குறிப்புகள். அந்தக் கால எழுத்தில் சொல்லின் நடுவே ‘எஃப்’ போலத் தெரிவது பெரும்பாலும் நெட்டை ‘எஸ்’. ‘யு’ வர வேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும். வருஷம் எழுத்தில் இருந்தால் எம் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10, வி 5, ஐ 1 என்று கூட்டுங்கள். எம், டி, சி, சி, எக்ஸ், வி, ஐ, ஐ, ஐ என்றால் 1718. சின்ன எண் பெரிய எண்ணுக்கு முன்னால் வந்தால் கழிக்க வேண்டும்.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. 1752 வரை இங்கிலீஷ்காரர்களுக்குச் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25இல். கோயில் வேலை தொடங்கியதாகச் சொன்னேனே, அந்த 1678 மார்ச் 25, அவர்கள் கணக்கில் புது வருஷத்தின் முதல் நாள். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத்துக் கல்லில் 1699 என்று இருந்தால் நம் கணக்கில் 1700ஆக இருக்கலாம். சிலர் குழப்பம் வேண்டாம் என்று இரண்டு வருஷத்தையும் கோடு போட்டுப் பொறித்திருப்பார்கள். டென்மார்க் 1700இலேயே புது நாட்காட்டிக்கு மாறிவிட்டது. அதனால் சீகன்பால்க் காலத்தில் தரங்கம்பாடியில் ஒரு தேதி, அதே நாளில் சென்னையில் அதற்கு 11 நாள் முந்தைய தேதி. இரண்டு ஊர்க் கடிதங்களை ஒப்பிடுகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்புக்கட்டி, மாவு, விபூதி எதையும் தேய்க்காதீர்கள். எண்ணெய் கூடவே கூடாது. எண்ணெய் கல்லில் ஊறி அழுக்கைப் பிடிக்கும், பிறகு எடுக்கவே வராது. செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். ஒரு பக்கத்திலிருந்து படம், எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொரு படம் எடுங்கள். ஒன்றில் தெரியாத கோடு மற்றதில் தெரியும். வெயிலில் படிப்பதென்றால் காலை எட்டுக்கு முன், மாலை நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் எந்தக் கல்லும் பேசாது.

தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் கோயிலுக்குப் போனோம். அவர் கல்லறையைத் தேடித் தேடிப் பார்த்தோம், காணவில்லை.
– வாசகி, கும்பகோணம்

அங்கே இல்லை. மிஷனரியான ஸ்வார்ட்ஸ் ஐயர் 1798 பிப்ரவரி 13இல் இறந்தார். அடக்கம் தஞ்சாவூரிலேயே உள்ள தூய பேதுரு கோயிலில். அங்கேயுள்ள கல்லில் சரபோஜி மன்னர் தாமே இங்கிலீஷில் எழுதிய வரிகள் இருக்கின்றன. இந்தியர் ஒருவர் அந்த மொழியில் எழுதிய ஆரம்பகாலக் கவிதை வரிகளில் ஒன்று அது.

நீங்கள் போன பூங்காக் கோயில் 1779இல் கட்டியது. அதில் இருப்பது சரபோஜி லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மனிடம் செய்வித்த வெள்ளைச் சலவைக்கல் சிற்பம். படுக்கையில் சாகக் கிடக்கும் ஸ்வார்ட்ஸ், அவர் கையைப் பிடித்து நிற்கும் மன்னர், தலைமாட்டில் இன்னொரு மிஷனரி கெரிக்கே, கட்டிலருகே சிறுவர்கள். நேராக நின்று பார்த்தால் வெறும் வெள்ளையாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் குறுக்கே விழும்படி ஒரு ஓரமாக நகர்ந்து நின்று, மன்னரின் கையும் ஐயரின் கையும் சேரும் இடத்தைப் பாருங்கள். ஸ்வார்ட்ஸுக்குக் கம்பெனியார் வைத்த இன்னொரு நினைவுச் சிற்பம் சென்னைச் செயின்ட் மேரீஸில் இருக்கிறது. அது வேறு சிற்பியின் கை. இரண்டையும் ஒன்றென்று எழுதுகிறவர்கள் உண்டு.

புதுசாகப் பெயின்ட் அடித்த பழைய கோயில்களில்கூடச் சுவரின் அடியில் மூன்றடி நாலடி உயரத்துக்கு உரிந்து, வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறதே, ஏன்?
– வாசகர், நாகப்பட்டினம்

கடலோரத்தில் நிலத்தடி ஈரம் உப்போடு சுவரில் ஏறும். பழைய சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடித்தால் முடிந்தது. பிரச்சினை, மராமத்து என்ற பெயரில் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்ட் அடித்ததில். ஈரத்துக்கு வழி இல்லாமல் போகிறது. சிமென்டுக்குப் பின்னால் உப்பு உறைந்து பருத்து, பூச்சைத் தள்ளுகிறது. கூடவே செங்கல்லின் முகத்தையும் பொடியாக்கிவிடுகிறது. மேலே மேலே பெயின்ட் அடிப்பதில் பிரயோஜனம் இல்லை. சிமென்டைக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்க உலரவிட்டு, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு முதல் மூன்று பங்கு என்று மறுபடி பூச வேண்டும். கடல் மணல் ஆகாது. சுற்றுலாப் பயணியாக நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான், உரிந்த இடத்தில் சாயாதீர்கள், விரலால் நோண்டாதீர்கள்.

என் கொள்ளுத்தாத்தா தரங்கம்பாடிப் பக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் என்று வீட்டில் சொல்வார்கள். பதிவேட்டைப் பார்க்க முடியுமா?
– வாசகர், சிங்கப்பூர்

நேரில் போய்ப் புரட்டிப் பார்க்க விடமாட்டார்கள். பழைய தாள், தொட்டாலே உதிரும். ஆயருக்குக் கடிதம் எழுத வேண்டும். ஞானஸ்நானப் பெயர், வீட்டுப் பெயர், தகப்பன் பெயர், ஊர், வருஷம் தெரியாவிட்டால் முன்பின் ஐந்து வருஷம், லுத்தரனா ஆங்கிலிக்கனா, இந்த ஆறும் இருந்தால் தேடிக் கொடுப்பார்கள். கடைசி விஷயத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் எந்தக் கோயிலின் ஏட்டைத் திறப்பது? ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கும், முத்து என்பவர் ஏட்டில் சாமுவேலாக இருப்பார். தகப்பன் பெயரும் ஊரும்தான் காட்டிக்கொடுக்கும்.

கம்பெனி ஆட்சிப் பகுதியில் ஆங்கிலிக்கன் கோயில்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல் வருஷா வருஷம் லண்டனுக்குப் போனது. இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னைக்கென்று தனி வரிசையாகவே இருக்கிறது. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர். தரங்கம்பாடி மிஷனின் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில், பிராங்கே நிறுவன ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உபதேசியார் வேலை பார்த்தவர் என்றால் அங்கே பெயர் வர வாய்ப்பு உண்டு.

ஒரு நாளில் தரங்கம்பாடியை முடிக்க முடியுமா? குழந்தைகள் இருக்கிறார்கள்.
– வாசகி, புதுச்சேரி

முடியும். மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், காரைக்காலிலிருந்து 15. ஜனவரி முதல் மார்ச் வரை இதமான காலம். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். ஜூலை 9ஐ ஒட்டிச் சபை விழா நடக்கும், கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போங்கள்.

1792இல் கட்டிய நகர வாசலில் இறங்கி, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ராஜ வீதியில் நடங்கள். கடல்வரை மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம்தான். காலையில் இரண்டு கோயில்கள், அடுத்து டேன்ஸ்போர்க் கோட்டை (1620), மாலை வெயில் தாழ்ந்ததும் கரையோரத்து மாசிலாமணி நாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் தின்றதைப் பார்த்தால் சீகன்பால்கின் முதல் கோயில் நின்ற கரை எப்படிப்பட்டது என்று குழந்தைகளுக்கே விளங்கும். திரும்பும் வழியில் பொறையாறு. 1715இல் மிஷன் அங்கே காகித ஆலை வைத்தது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் அந்த வருஷங்களில்தான். ஆலை போய்விட்டது, கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் இருக்கிறது. அதை உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

எழும்பூரில் ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. பக்கத்தில் பார்க்க ஏதாவது பழைய கோயில் உண்டா?
– வாசகர், கோவில்பட்டி

நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்திலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் கோயில் இருக்கிறது. கிர்க் என்று கேட்டாலும் ஆட்டோக்காரருக்குத் தெரியும். ஸ்காட்லாந்துச் சபைக்காரர்களுக்காக டி ஹேவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர் கட்டி 1821இல் திறந்தது. அந்த இடம் சதுப்பான களிமண். அஸ்திவாரக் குழி வெட்டினால் நிற்காது என்று, நம் ஊர்க் கிணறு இறக்குகிற முறையில் நூற்றுக்கு மேற்பட்ட கிணறுகளை இறக்கி அவற்றின் மேல் கட்டடத்தை நிறுத்தினார். உள்ளே வட்டமான கூடம், 16 தூண்கள், மேலே நீல வானமும் நட்சத்திரமும் தீட்டிய குவிமாடம். நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஞாயிறு காலை என்றால் ஆராதனை முடியும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். பெட்டிகளை நிலைய க்ளோக் ரூமில் போட்டுவிட்டுப் போங்கள்.